தோலோடு நின்றுவிடும் கதிர்கள்

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில், அந்தக் கருவியை இயக்கியவர்கள் வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்வார்கள். குழாயை முடுக்கிவிட்டு, அதற்கும் ஒளிரும் திரைக்கும் நடுவே தங்கள் கையை நீட்டுவார்கள். திரையில் எலும்பு, சதை இரண்டுமே இருண்டு கிடந்தால் கதிருக்கு ஊடுருவும் வலிமை போதவில்லை என்று பொருள். எலும்பே மங்கி வெளிறிப் போனால் வலிமை மிஞ்சிவிட்டது. சதை லேசாகவும் எலும்பு பளிச்சென்றும் தெரிந்தால் குழாய் தயார், நோயாளியை அழைக்கலாம். அந்தக் காலத்துக் குழாய்களுக்குள் கொஞ்சம் வாயு இருக்கும். ஓட ஓட அந்த வாயு குறைந்து கதிரின் தன்மையும் மாறிக்கொண்டே போகும். ஆகவே நாளைக்குப் பலமுறை சோதிக்க வேண்டியிருந்தது. சோதிக்கத் தங்கள் கையைத் தவிர வேறு கருவி அவர்களிடம் இல்லை.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொடியது. தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, குழாய்களைத் தன் கைகளைக் கொண்டே சோதித்து வந்தவர். கைகளில் தொடங்கிய புண் புற்றுநோயானது. ஒன்றன்பின் ஒன்றாக விரல்களையும் கைகளையும் வெட்டியெடுத்தும் பலனில்லாமல் 1904இல் இறந்துபோனார். எடிசன் எக்ஸ்ரே ஆய்வையே கைவிட்டார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், புனித ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில், கதிர்வீச்சால் உயிரிழந்த மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 1936இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் இருக்கிறது. அதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன.

கையை விடுவிக்கும் முயற்சிகளில் முக்கியமானது, பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி பெனுவா 1902இல் முன்வைத்த சிறு கருவி. நடுவே மெல்லிய வெள்ளித் தகடு. அதைச் சுற்றி 1 மில்லிமீட்டரிலிருந்து 12 மில்லிமீட்டர் வரை படிப்படியாகத் தடித்துச் செல்லும் அலுமினியத் துண்டுகள். கதிரைப் பாய்ச்சியதும் வெள்ளியின் நிழல் எந்த அலுமினியப் படியின் நிழலோடு ஒத்துப்போகிறதோ, அந்தப் படியின் எண்ணே கதிரின் தரம். கதிர் வலுக்க வலுக்க அலுமினியம் அதை வேகமாக விட்டுக்கொடுத்துவிடும். வெள்ளி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. இரண்டு உலோகங்களின் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு கதிரின் வலிமைக்கு ஓர் எண்ணைக் கொடுத்தார் பெனுவா. பின்னர் சுவிட்சர்லாந்தின் தியோஃபில் கிறிஸ்டன் அளவுகோலை இன்னும் செம்மைப்படுத்தினார். ஒரு கதிர்க்கற்றையைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு தடிமனுள்ள பொருள் தேவை என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அரைமதிப்புத் தடிமன் என்று பாடநூல்களும், ஹெச்.வி.எல். என்று மருத்துவமனைப் பேச்சு வழக்கும் சொல்வது இதைத்தான். நூறாண்டு கடந்த பிறகும், உலகம் முழுக்க மருத்துவ எக்ஸ்ரேயின் தரத்தை இந்த அளவாலேயே குறிக்கிறார்கள்.

1913இல் வில்லியம் கூலிட்ஜ் காற்று நீக்கப்பட்ட, சூடான இழை கொண்ட குழாயை உருவாக்கிய பிறகு கதிரின் நிலையற்ற ஆட்டம் ஓய்ந்தது. இன்றைய குழாய்களும் அதன் வழித்தோன்றல்களே. இப்போது பொத்தானில் 80 கிலோவோல்ட் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கதிர் வருகிறது. அப்படியிருக்க எதற்குச் சோதனை? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் கற்றைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குழாய்க்குள் நடப்பது முரட்டு வேலை. சூடான டங்ஸ்டன் இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் முடுக்கப்பட்டு, எதிரே சுழலும் டங்ஸ்டன் வட்டில் மோதுகின்றன. அந்த ஆற்றலில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் முறை சுழல்வதே, ஒரே இடத்தில் சூடு குவிந்து உருகிவிடாமல் இருக்கத்தான். மிஞ்சும் ஒரு பங்குதான் எக்ஸ்ரே. அதுவும் ஒரே ஆற்றலில் வருவதில்லை. 80 கிலோவோல்ட் என்று வைத்தால் 80 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்பது உச்சவரம்பு மட்டுமே. பெரும்பாலான கதிர்கள் அதற்கு வெகு கீழே, சராசரியாக உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் இருக்கும். வலுவானதும் நோஞ்சானும் கலந்த கூட்டம் அது.

இந்தக் கலவையில் யார் நோயாளிக்கு உதவுகிறார்கள், யார் கெடுதல் செய்கிறார்கள் என்பதைச் சில எண்களே தெளிவாகக் காட்டிவிடும். நோயாளியின் வயிற்றுப் பகுதி முன்னிருந்து பின்னாக 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மென்திசு ஏறக்குறைய தண்ணீரைப் போலவே கதிரை உறிஞ்சுகிறது. எனவே தண்ணீருக்குரிய கணக்கே இங்கும் பொருந்தும். 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நூறு கதிர்கள் நுழைந்தால், எதிலும் மோதாமல் மறுபக்கம் வந்து சேர்பவை ஒன்றரை. கேட்கக் குறைவாகத் தோன்றினாலும் படம் எடுக்க அது போதும். அதே தூரத்தைக் கடக்க 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்களை அனுப்பினால் ஒரு கோடிக்கு ஒன்று தேறும். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்களோ தோலைத் தாண்டுவதற்கே திணறுகின்றன. முதல் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் பாதி தீர்ந்துவிடுகின்றன.

ஆக, வலுவற்ற கதிர்கள் படத்துக்கு எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. சுமந்து வந்த ஆற்றல் முழுவதையும் தோலிலும் அதையடுத்த திசுக்களிலும் இறக்கிவைத்துவிட்டு முடிந்துபோகின்றன. நோயாளி அந்தக் கதிர்வீச்சை ஏற்கிறார். மருத்துவருக்கோ அதனால் இம்மியளவு தகவலும் கிடைப்பதில்லை.

இவற்றை நோயாளியைத் தொடுமுன்பே தடுத்துவிட ஒரு வழி இருக்கிறது. நெல்லிலிருந்து பதரைப் புடைத்தெடுக்கும் முறத்தைப் போல, குழாயின் வாயில் ஓர் அலுமினியத் தகடு. இரண்டரை மில்லிமீட்டர் அலுமினியம், 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்களில் பத்தில் ஒன்பதைத் தடுத்துவிடும். 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்களில் ஆறில் ஐந்து பங்கை உள்ளே விட்டுவிடும். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்கள் அதைத் தாண்டுவதே இல்லை எனலாம். எக்ஸ்ரே மருத்துவத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பயன்தரும் பாகம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

பலன் எவ்வளவு என்பதை அமெரிக்காவில் டேல் ட்ரௌட்டும் அவருடைய சகாக்களும் 1952இல் அளந்து காட்டினார்கள். 18 சென்டிமீட்டர் தடிமனுள்ள இடுப்பு மாதிரியை 60 கிலோவோல்ட்டில் படமெடுத்தார்கள். கூடுதல் வடிகட்டி இல்லாதபோது தோலின் மேல் விழுந்த அளவு 2,380 மில்லிராண்ட்ஜென். ஒரு மில்லிமீட்டர் அலுமினியம் வைத்ததும் 1,270. மூன்று மில்லிமீட்டர் வைத்ததும் 465. படத்தின் கருமை மாறாதபடி பார்த்துக்கொண்டே ஐந்தில் நான்கு பங்கைக் குறைத்துவிட்டார்கள்.

இந்த ஆய்வின் மறுபக்கம்தான் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டியது. 2,380இல் எடுத்த படமும் 465இல் எடுத்த படமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. வடிகட்டி இல்லாத கருவி நோயாளியின் தோலில் ஐந்து மடங்கு கதிரைக் கொட்டினாலும் படம் அதைக் காட்டிக்கொடுக்காது. காரணம் எளிது: அந்த மிகுதிக் கதிர்கள் படத்தை எட்டவே இல்லை. ஃபிலிம் காலத்தில் ஒட்டுமொத்தக் கதிர் கூடிவிட்டால் ஃபிலிம் கறுத்து டெக்னீஷியனை எச்சரிக்கவாவது செய்யும். இன்றைய டிஜிட்டல் கருவியில் அதுவும் போயிற்று. கூடினாலும் குறைந்தாலும் மென்பொருள் சரிசெய்து கண்ணுக்கு இதமான படமாகக் கொடுத்துவிடுகிறது. "எங்கள் மெஷினில் படம் அருமையாக விழுகிறது" என்று ஒரு மருத்துவமனை சொல்வதை வைத்து அங்குள்ள கதிரின் தரத்தை யாராலும் தீர்மானிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளவிடும் முறை இன்றும் கிறிஸ்டன் காலத்து எளிமையோடுதான் இருக்கிறது. சோதனைக்கு வருபவரின் பெட்டியில் கதிர் அளவியும், மிகத் தூய அலுமினியத் தகடுகளும், ஓர் ஈயத் தகடும் இருக்கும். மேசைமீது ஈயத்தைப் பரப்பி அதன்மேல் அளவியின் உணர்வியை வைப்பார். இல்லையென்றால் மேசையில் பட்டுத் திரும்பும் சிதறல் கதிரும் கணக்கில் சேர்ந்துவிடும். கற்றையை உணர்வியின் அளவுக்கே குறுக்கிக்கொள்வார். தகடுகளை உணர்வியின் மீதே வைக்காமல் குழாய்க்கும் உணர்விக்கும் இடையில் நிறுத்துவார். கற்றையைக் குறுக்கும் கொலிமேட்டரின் முகப்பில் பிளாஸ்திரியால் ஒட்டிவைப்பதும் உண்டு. தகடு உணர்விக்கு மிக அருகில் இருந்தால் அதில் பட்டுச் சிதறும் கதிர்களும் உள்ளே விழுந்து, கற்றை உண்மையில் இருப்பதைவிட வலுவானது போலத் தோன்றும். அலுமினியம் தூயதாக இருக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்பு உண்டு. கொஞ்சம் இரும்போ செம்போ கலந்திருந்தாலும் அது கூடுதலாக உறிஞ்சி முடிவைத் திரித்துவிடும்.

பிறகு 80 கிலோவோல்ட் வைத்து வரிசையாகக் கதிர் பாய்ச்ச வேண்டும். எடுத்துக்காட்டாக, தகடு இல்லாமல் அளவி 100 காட்டுகிறது என்போம். 1 மில்லிமீட்டருக்கு 76, இரண்டுக்கு 60, மூன்றுக்கு 49. பாதியான 50, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில், மூன்றை ஒட்டி விழுகிறது. மடக்கைத் தாளில் புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் 2.9 மில்லிமீட்டர் வரும். கடைசியாகத் தகடுகளை எல்லாம் எடுத்துவிட்டு இன்னொரு முறை அளப்பது நல்ல பழக்கம். மறுபடியும் 100 வந்தால் நடுவில் கருவி தடுமாறவில்லை என்று நம்பலாம்.

இந்த எண்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் மில்லிமீட்டர் 24 பங்கைத் தின்றது. மூன்றாவது மில்லிமீட்டர் 11 பங்கைத்தான் தின்றது. மிச்சமிருந்த கதிரோடு விகிதம் பார்த்தாலும் உறிஞ்சல் குறைந்துகொண்டே போவதைக் காணலாம். நோஞ்சான் கதிர்கள் முதலில் விழுந்துவிட, எஞ்சுபவை வலுவானவை. ஆகவே இரண்டாவது முறை பாதியாக்க 2.9 மில்லிமீட்டர் போதாது, அதைவிடத் தடிமன் வேண்டும். எல்லாக் கதிரும் ஒரே ஆற்றலில் இருந்திருந்தால் இரண்டும் சமமாக இருக்கும். அந்த இரண்டு தடிமன்களின் விகிதத்தைப் பார்த்தாலே கற்றை எவ்வளவு கலப்பானது என்று இயற்பியலாளர்கள் சொல்லிவிடுவார்கள்.

வரம்பு என்ன? 80 கிலோவோல்ட்டில் குறைந்தது 2.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பழைய விதி. 2006 ஜூனுக்குப் பிறகு தயாராகும் கருவிகளுக்கு அதை 2.9 ஆக உயர்த்திவிட்டார்கள். அலுமினிய வடிகட்டி இல்லாமல், குழாயின் கண்ணாடியும் சுற்றியுள்ள எண்ணெயும் தரும் இயல்பான வடிகட்டல் மட்டுமே இருந்தால் இந்த அளவு இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். பழுதுபார்க்கக் கழற்றிய தகட்டைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது நடக்கக்கூடிய தவறு. கருவி வழக்கம்போல ஓடும், படமும் வரும். அளக்காதவரை யாருக்கும் தெரியாது.

சோதனை அத்தோடு முடிவதில்லை. கதிரின் தரத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வடிகட்டி, மின்னழுத்தம். ஹெச்.வி.எல். இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. பேனலில் 80 என்று காட்டும் கருவி உண்மையில் 90 கொடுத்துக்கொண்டிருந்தால், வடிகட்டி மெலிந்திருந்தாலும் ஹெச்.வி.எல். தேர்ச்சி பெற்றுவிடக்கூடும். ஒரு குறையை இன்னொரு குறை மறைத்துவிடும். மாறாக, உண்மையில் 70தான் வருகிறது என்றால் ஒரு குற்றமும் செய்யாத வடிகட்டி பழி சுமக்கும். அதனால் மின்னழுத்தத்தை முதலில் தனியாக அளந்து உறுதிசெய்த பிறகே ஹெச்.வி.எல்.லைக் கொண்டு வடிகட்டியின் தடிமனைக் கணக்கிடுகிறார்கள்.

குழாய்க்குப் போகும் உயர் மின்னழுத்தத்தை நேரடியாகத் தொட்டு அளப்பது ஆபத்து. கருவியைப் பிரிக்கவும் வேண்டும். வெளியே வரும் கதிரைக் கொண்டே அதை அறிய முடியுமா? பிரிட்டனின் ஆர்ட்ரனும் குரூக்ஸும் 1968இல் அதற்கொரு ஃபிலிம் பெட்டியை உருவாக்கினார்கள். செம்புத் தகட்டைத் தாண்டி வந்த கதிரின் கருமையையும், அதைத் தாண்டாமல் வந்த கதிரின் கருமையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் மின்னழுத்தம் தெரிந்துவிடும். இன்று அந்த வேலையைக் கைக்கடக்கமான மின்னணு அளவி செய்கிறது. வெவ்வேறு தடிமனுள்ள உலோகத் தகடுகளுக்குக் கீழே பல குறைகடத்தி உணர்விகளை வரிசையாக வைத்து, அவை தரும் அளவுகளின் விகிதத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் கிலோவோல்ட், நேரம், கதிர் அளவு, ஹெச்.வி.எல். அத்தனையையும் சொல்லிவிடுகிறது. நூதனமாகத் தோன்றும் இந்தக் கருவியின் உள்ளே இருப்பது பெனுவாவின் பழைய யோசனைதான்.

மின்னழுத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடும் பழைய கருவிகளில் 80 கிலோவோல்ட் என்பது நொடிக்கு நூறு முறை தொட்டுவிட்டுக் கீழே விழும் உச்சம் மட்டுமே. ஒவ்வொரு உச்சத்துக்கும் நடுவில் அழுத்தம் சுழிவரை இறங்கி ஏறுகிறது. அதனால் கற்றையில் வலுவற்ற கதிர்களின் பங்கு கூடுகிறது. உயர் அதிர்வெண் ஜெனரேட்டர் உள்ள புதிய கருவிகளில் அழுத்தம் அநேகமாக ஒரே மட்டத்தில் நிற்கிறது. பேனலில் ஒரே எண், உள்ளே ஒரே வடிகட்டி. ஆனாலும் புதியதன் கதிர் தரத்தில் உயர்ந்திருக்கும். வார்டு வார்டாகத் தள்ளிச் செல்லும் பழைய மொபைல் கருவிகளைச் சோதிக்கும்போது இதைக் கவனத்தில் கொள்ளாமல் அட்டவணையை மட்டும் பார்த்தால் முடிவு பிசகும்.

இந்தியாவில் இவற்றுக்கெல்லாம் பொறுப்பு, மும்பையைத் தலைமையகமாகக் கொண்டு 1983 முதல் இயங்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 70 கிலோவோல்ட் வரையிலான கருவிகளுக்குக் குறைந்தது 1.5 மில்லிமீட்டர், 70 முதல் 100 வரை 2 மில்லிமீட்டர், அதற்கு மேல் 2.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு ஈடான மொத்த வடிகட்டல் இருக்க வேண்டும் என்கிறது அதன் விதி. பேனலில் காட்டும் மின்னழுத்தத்துக்கும் உண்மைக்கும் இடையே 5 கிலோவோல்ட் வரைதான் வேறுபாடு இருக்கலாம். எக்ஸ்ரே கருவிகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், கதிர் பாதுகாப்பைத் தொடும் எந்தப் பழுதுபார்ப்புக்குப் பிறகும் சோதிக்க வேண்டும். "க்யூ.ஏ. எடுத்தாச்சா?" என்று எக்ஸ்ரே அறைகளில் கேட்பது இந்தச் சோதனையைத்தான். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் ஆட்கள் வந்து அளந்து அறிக்கை கொடுக்கிறார்கள். கருவியை இயக்கும் அனுமதியைப் புதுப்பிக்க அந்த அறிக்கை வேண்டும். அதை ஒரு சம்பிரதாயக் காகிதமாகக் கோப்பில் செருகி வைப்பவர்கள், அதிலுள்ள ஹெச்.வி.எல். எண்ணைச் சென்ற முறை வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே கருவியின் உடல்நிலையைப் படித்துவிடலாம்.

ஏனென்றால் குழாய்க்கும் வயதாகிறது. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடிச் சுவரின் உள்பக்கம் படிகிறது. எலக்ட்ரான்கள் மோதி மோதி வட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. இரண்டும் கூடுதல் வடிகட்டியைப் போலச் செயல்பட்டு, ஹெச்.வி.எல்.லை மெல்ல உயர்த்துகின்றன, கதிரின் அளவைக் குறைக்கின்றன. அதை ஈடுகட்ட டெக்னீஷியன் நேரத்தைக் கூட்டுவார். அதற்குள் நோயாளி அசைந்தால் படம் கலங்கும்.

அப்படியென்றால் கதிர் வலுவாக இருக்க இருக்க நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. மார்பகப் பரிசோதனையான மேமோகிராம் அதற்குச் சான்று. மார்பகத்தில் எலும்பு இல்லை. கொழுப்புக்கும் சுரப்பித் திசுவுக்கும் தொடக்கநிலைக் கட்டிக்கும் உள்ள மிகச் சிறிய வேறுபாட்டைப் பிரித்தறிய வேண்டும். வலுவான கதிர் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் கடந்து, கட்டியின் நிழலைக் கரைத்துவிடும். அதனால் அங்கே 25 முதல் 32 கிலோவோல்ட் வரைதான் பயன்படுத்துகிறார்கள். பல கருவிகளில் வட்டு மாலிப்டினத்தால் ஆனது. 17, 19 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அளவில் அது தரும் தனிச்சிறப்பான கதிர்களே படத்துக்கு உயிர். குழாயின் ஜன்னலும் கண்ணாடிக்குப் பதிலாக பெரிலியத்தால் ஆனது. இங்கே ஹெச்.வி.எல். 0.3, 0.4 மில்லிமீட்டர் அலுமினியம் அளவில்தான் இருக்கும். அது ஒரு எல்லைக்குக் கீழே போனால் தோலுக்குக் கேடு, மேலே போனால் கட்டி கண்ணுக்குத் தப்பும். மெல்லிய தகட்டின் சிறு பிழையும் விடையைப் புரட்டிப் போட்டுவிடும் என்பதால், சோதிப்பவர்கள் அதிகம் பதறுவது மேமோகிராம் கருவியிடம்தான்.

எதிர்த்திசையில் இன்னொரு எல்லை, இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப். அங்கே படம் ஒரு நொடியில் எடுத்து முடிவதில்லை. சிகிச்சை நடக்கும் நேரமெல்லாம் கதிர் ஓடிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் முதுகின் ஒரே இடத்தில். இத்தகைய சிகிச்சைகளில் நோயாளிகளுக்குத் தோல் புண் உண்டாவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1994இல் எச்சரித்தது. அதனால் இன்றைய கேத் லேப் கருவிகளில் அலுமினியத்தோடு சில பத்திலொரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு வடிகட்டிகளும் இருக்கின்றன. நோயாளியின் பருமனுக்கு ஏற்ப கருவியே அவற்றை மாற்றிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போதும் 1 மில்லிமீட்டர் அலுமினியத்தோடு 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் செம்பைக் கூடுதலாக வைக்கும்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996 வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தச் செம்புத் தகடு இருக்கிறதா, சொன்ன தடிமனில் இருக்கிறதா, கருவி அதைச் சரியான நேரத்தில் இழுத்து வைக்கிறதா என்பதையும் சோதிப்பவர் பார்த்தாக வேண்டும்.

எக்ஸ்ரே எடுக்கப் போகும் ஒருவர் இவ்வளவும் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எக்ஸ்ரே நிலையத்தில் வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்பது அவருடைய உரிமை. அந்த நிலையத்தை நடத்துபவர் செய்ய வேண்டியது அதைவிட அதிகம். குழாயை மாற்றினாலும், கொலிமேட்டரைக் கழற்றி மாட்டினாலும், அடுத்த நோயாளியை மேசையில் படுக்க வைக்குமுன் வடிகட்டி இடத்தில் இருக்கிறதா என்று அலுமினியத் தகடுகளை வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.